சிரிப்புப் பட்டாளமும் நிஜப் பட்டாளமும்



மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை வேண்டும் என்று கேட்டவர்கள் சோழன், பாண்டியன் அல்லது உப்பு சத்தியாக்கிரகம் என்று ஏதாவது வரும் என எதிர்பார்த்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டது ஒரு டி.வி. சிரிப்புத் தொடர். "ஹிஸ்டரி படிச்சவன் எழுதுற விஷயமாய்யா இது?" என்று உடனே பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சாதாரண மனிதர்கள் சரித்திரத்தில் எப்படிக் காணாமல் போகிறார்கள், எப்படித் திரும்பி வருகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

தொடரின் பெயர் 'டாட்ஸ் ஆர்மி'. நம் பாஷையில் 'அப்பாமார் படை' என்று வைத்துக்கொள்ளலாம். பி.பி.சி.யில் 1968 ஜூலை 31 அன்று தொடங்கி 1977 நவம்பர் வரை 80 பகுதிகள் ஓடியது. நன்றாக ஓடிய காலத்தில் சுமார் 1 கோடியே 80 லட்சம் பேர் பார்த்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தின் ஒரு கடற்கரை ஊரில், பட்டாளத்துக்குப் போக வயது கடந்தவர்களும் வயது வராதவர்களும் சேர்ந்து ஊர்க்காவல் படை நடத்துவதுதான் கதை. ஊர் கற்பனை ஊர். ஆனால் படை கற்பனை இல்லை.

1940 மே 10 அன்று ஹிட்லரின் சேனை ஹாலந்து, பெல்ஜியம், பிரான்ஸ் மீது பாய்ந்தது. அடுத்தது இங்கிலாந்துதான் என்று எல்லாரும் நினைத்த நேரம். மே 14 மாலை போர் மந்திரி ஆண்டனி ஈடன் ரேடியோவில் பேசினார். 17 முதல் 65 வயதுக்குள் உள்ள ஆண்கள் ஊரைக் காக்கத் தொண்டர்களாக வாருங்கள், சம்பளம் கிடையாது என்றார். அவர் பேசி முடிப்பதற்குள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். ஜூலை முடிவதற்குள் 10 லட்சத்தைத் தாண்டியது.

ஆள் வந்தது, ஆயுதம் வரவில்லை. விளக்குமாற்றுக் கட்டையைத் தோளில் வைத்து டிரில் பழகினார்கள். என்.சி.சி.யில் மரத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு 'லெஃப்ட் ரைட்' போட்ட நமக்கு அந்த வேதனை புரியும்! 1941ல் சர்ச்சில், ஈட்டியோ கதையோ, ஒவ்வொருவர் கையிலும் ஓர் ஆயுதம் இருக்க வேண்டும் என்று எழுதினார். போர் இலாகா அதை அப்படியே எடுத்துக்கொண்டு, இரும்புக் குழாயில் பயனெட்டை வெல்டிங் வைத்து இரண்டரை லட்சம் ஈட்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. டாங்கியை எதிர்க்க ஈட்டி! இதெல்லாம் தொடருக்காக யாரோ கட்டிவிட்டது என்று நினைப்போம். அத்தனையும் நிஜம்.

அந்தப் படையில் வாட்ஃபோர்ட் என்ற ஊரில் ஒரு பையன் சேர்ந்தான். பெயர் ஜிம்மி பெர்ரி, பிறந்தது 1923. ராத்திரி காவலுக்குப் போனால் பிள்ளைக்குச் சளி பிடிக்குமே என்று அம்மாவுக்கு ஒரே கவலை. (எந்த நாட்டு அம்மாவாக இருந்தால் என்ன, கவலை ஒன்றுதானே!) அதே பிரிவில் கிழட்டு லான்ஸ் கார்ப்பரல் ஒருவர் இருந்தார். 1898ல் சூடானில் நடந்த ஓம்டுர்மன் சண்டையில் கிச்சனரின் கீழ் இருந்தவர். எந்தப் பேச்சு எடுத்தாலும் சூடானில்தான் கொண்டுபோய் முடிப்பார்.

இருபத்தேழு வருஷம் ஓடியது. 1967ல் பெர்ரி லண்டனில் சின்னச் சின்ன வேஷம் கட்டும் நடிகர். ஒருநாள் பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் காவலர் மாறும் காட்சியைப் பார்த்தார். போர்க்காலத்தில் இதே வாசலில் ஊர்க்காவல் படைக் கிழவர்கள் காவல் நின்றது ஞாபகத்துக்கு வந்தது. நூலகத்துக்குப் போய்த் தேடினால் அந்தப் படையைப் பற்றி அநேகமாக ஒன்றுமே கிடைக்கவில்லை. பதினைந்து லட்சம் பேருக்கு மேல் இருந்த படை, கால் நூற்றாண்டுக்குள் மறந்தே போயிருந்தது. அந்த வெறுமைதான் அவரை எழுத வைத்தது. எழுதியதை டேவிட் குரோஃப்ட் என்ற தயாரிப்பாளரிடம் காட்டினார். அவரும் சிறு வயதில் விமானத் தாக்குதல் காலக் காவலராக இருந்தவர். இருவரும் கூட்டுச் சேர்ந்தார்கள்.

அம்மா மப்ளர் கட்டி அனுப்பும் பையன் பைக், பெர்ரியேதான். சூடான் கதை சொல்லும் கார்ப்பரல் ஜோன்ஸ், அந்த வாட்ஃபோர்ட் கிழவர்தான். தலைவராக வரும் பாங்க் மானேஜர் மேனரிங்கும், கிழவரும், பையனும் சேர்ந்த மூவர் கூட்டுக்கு 1937ல் வந்த வில் ஹே நடித்த 'ஓ மிஸ்டர் போர்ட்டர்' படம் வழி காட்டியது. கள்ள மார்க்கெட் வாக்கர் வேஷத்தைப் பெர்ரி தனக்கென்றே எழுதிக்கொண்டார். எழுதுகிறவர் எழுதட்டும், நடிக்க வேண்டாம் என்று அது ஜேம்ஸ் பெக்கிடம் போய்விட்டது. முகப்புப் பாட்டை எழுதியதும் பெர்ரிதான். போர்க்கால நகைச்சுவைப் பாடகர் பட் ஃப்ளானகனையே பாட வைத்ததால், பலர் அதை 1940ம் வருஷத்துப் பழைய பாட்டு என்றே நம்பினார்கள்.

பி.பி.சி.க்குப் பயம் இருந்தது. தேசம் பெருமையாக நினைக்கும் ஒரு காலத்தைக் கேலி செய்வதா? நியாயமான கேள்விதான். ஏனென்றால் அந்தப் படை 1944 டிசம்பரில் ஓய்வு பெறுவதற்குள், அதில் இருந்தவர்கள் 1,200 பேருக்கு மேல் பணியில் உயிர் விட்டிருந்தார்கள். அவர்கள் வீட்டார் டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பார்கள் அல்லவா?

அந்தக் கேள்விக்குப் பதில் நடிகர்கள் பட்டியலிலேயே இருந்தது. சாதுவான கிழவர் காட்ஃப்ரேயாக நடித்த ஆர்னால்ட் ரிட்லி, 1916ல் சோம் போர்க்களத்தில் பயனெட் குத்தும் தலையில் அடியும் பட்டவர். 1940ல் மறுபடியும் பிரான்சுக்குப் போனவர். ஃப்ரேசராக வந்த ஜான் லாரி முதல் போரில் சண்டையிட்டு, இரண்டாம் போரில் நிஜ ஊர்க்காவல் படையிலேயே இருந்தவர். எழுபது வயது ஜோன்ஸாக நடித்த கிளைவ் டன்னுக்கு அப்போது வயது 48தான். கிரீஸில் பிடிபட்டு ஆஸ்திரியாவில் நான்கு வருஷம் போர்க் கைதியாகக் கிடந்தவர். 1969ல் வந்த ஒரு பகுதியில், முதல் போரில் ஆயுதம் எடுக்க மறுத்தவர் என்று தெரிந்ததும் காட்ஃப்ரேயை எல்லாரும் ஒதுக்குகிறார்கள். அதே மனிதர், குண்டுமழையில் காயம்பட்டவர்களைத் தூக்கிவந்து பதக்கம் வாங்கியவர் என்று பிறகு தெரிய வருகிறது. தன் ரணத்தைப் பற்றி அதிகம் பேசாத ரிட்லி அந்தக் காட்சியில் நடித்தார் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடும்.

அந்தக் கிழவர்கள் அசடுகள்தான். ஆனால் ஜெர்மன்காரன் வந்து இறங்கினால் அத்தனை பேரும் அந்த விளக்குமாற்றுக் கட்டையோடு எதிரே போய் நிற்பார்கள் என்பதில் எழுதியவர்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அதனால்தான் கேலி அவமானமாக மாறவில்லை.

இத்தோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். மீதி நம் தேசத்தில் நடந்தது. வாட்ஃபோர்ட் பையன் பெர்ரி பிறகு நிஜப் பட்டாளத்தில் சேர்ந்து, நாசிக் பக்கத்துத் தேவலாலி முகாமுக்கு வந்தார். அங்கே சிப்பாய்களுக்கு ஆட்டம் பாட்டு நடத்தும் குழுவில் இருந்தார். குரோஃப்டும் இந்தியாவில் பணியாற்றியவர். அந்த அனுபவத்தை வைத்து இருவரும் எழுதியதுதான் 1974 முதல் 1981 வரை ஓடிய 'இட் எய்ன்ட் ஹாஃப் ஹாட் மம்'. அதில் ரங்கி ராம் என்ற இந்தியப் பணியாளாக வந்தவர் மைக்கேல் பேட்ஸ் என்ற வெள்ளைக்காரர். முகத்துக்கு மை பூசிக்கொண்டு நடித்தார். அவர் ஜான்சியில் பிறந்தவர், நம் பாஷை பேசத் தெரிந்தவர் என்றெல்லாம் சமாதானம் சொன்னார்கள். ஆனாலும் பிற்காலத்தில் பி.பி.சி. அந்தத் தொடரைத் திரும்பப் போடுவதை நிறுத்திக்கொண்டது. தாங்கள் எழுதியதிலேயே அதிகம் சிரிக்க வைத்தது அதுதான் என்று பெர்ரி கடைசிவரை வாதாடினார். 2016ல் காலமானார்.

பெர்ரி கெட்ட மனிதர் என்று நான் சொல்லவில்லை. இரண்டு தொடரும் ஒரே மனிதரின் நேர்மையான ஞாபகங்கள்தான். வாட்ஃபோர்டில் அவர் வரிசைக்குள் ஒருவராக நின்றார், அதனால் கிழவர்களின் பயமும் ரோஷமும் அவருக்குத் தெரிந்தன. தேவலாலியில் டீ கொடுத்தவனையும் பங்கா இழுத்தவனையும் அவர் வெளியே நின்று பார்த்தார். அந்தப் பங்காக்காரனுக்கும் வீடு இருந்திருக்கும், சளி பிடிக்குமே என்று கவலைப்படும் அம்மா இருந்திருப்பாள். அந்தப் போரில் இந்தியாவிலிருந்து 25 லட்சம் பேர் தாமாகச் சேர்ந்து பட்டாளத்தில் பணியாற்றினார்கள். அவர்கள் பக்கத்துச் சிரிப்பை எழுத அங்கே ஒரு பெர்ரி இருக்கவில்லை.

தம்பி தங்கைகளே, இந்த இடத்தில்தான் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் பர்மா கதை சொன்ன தாத்தாவின் பேரன் இருப்பான், நம் ஹாஸ்டல் மெஸ்ஸில் முப்பது வருஷம் சாம்பார் ஊற்றியவர் இருப்பார், ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் இருப்பார். அவர்கள் பேச்சை எழுதி வையுங்கள். கேலியாக எழுதினாலும் பரவாயில்லை. ஆனால் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் வாயால் கேட்டு எழுதுங்கள். நாளைக்கு யாராவது நூலகத்தில் தேடும்போது ஒரு நோட்டாவது அங்கே இருக்கட்டும்.