கடன் ஏட்டில் ஏறிய உடம்பு

1872இல் ஜப்பானிய அரசு ஓர் ஆணை போட்டது. விலைமகளிரும் கெய்ஷாக்களும் மனித உரிமை இழந்தவர்கள், மாடு குதிரைக்குச் சமம். மாடு குதிரையிடம் யாரும் கடனைத் திருப்பிக் கேட்க முடியாது, ஆகவே அவர்கள் பெயரிலுள்ள கடன் செல்லாது என்றது. விடுதலை கொடுக்கும்போதுகூட மாடுன்னு சொல்லித்தான் கொடுக்கிறது அதிகாரம். மறுவருஷமே விடுதிகள் 'வாடகை அறைகள்' ஆயின. பெண்கள் தாங்களாகவே வந்து அறையெடுத்துத் தொழில் செய்வதாகக் கணக்கு. அப்பன் கைநீட்டி வாங்கிய முன்பணம் மகள் தலையிலேயே நின்றது.

கென்ஜி மிசோகுச்சியின் படங்களை இந்த முன்பணத்திலிருந்து பார்க்கணும் என்பேன். அவருடைய நீண்ட ஷாட்டுகளைச் சிலாகிக்கிறவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர்.

கடைசிப் படம் 'அகாசென் சிதாய்' (1956). டோக்கியோ யோஷிவாராவில் ஒரு விடுதி. ஹனாயேவுக்கு நோயாளிப் புருஷன், கைக்குழந்தை. யோரியே கல்யாணம் பண்ணிக்கொண்டு போகிறாள். கூலியில்லாத வேலைக்காரியாக நடத்தப்பட்டுத் திரும்பி வந்துவிடுகிறாள். மிக்கியைத் தேடி அப்பா வருவது பாசத்தால் அல்ல. இவளால் குடும்பப் பேர் கெடுகிறதாம், தங்கை கல்யாணம் தடைப்படுமாம். விடுதி முதலாளியோ, அரசாங்கம் செய்யாத சமூகசேவையை நாங்கள்தான் செய்கிறோம் என்று பெண்களைக் கூட்டிவைத்துப் பேசுகிறான். எல்லாச் சுரண்டலுக்கும் இப்படியொரு தர்மப் பேச்சு இருக்கத்தான் செய்கிறது. முடிவில், சுரங்கத் தொழிலாளியின் மகள், சின்னப்பெண், பூச்சு அப்பிய முகத்தைக் கதவோரம் பாதி மறைத்துக்கொண்டு, முதல்முதலாக ஆளைக் கூப்பிடக் கையசைக்கிறாள்.

படம் வந்தது மார்ச்சில். மே மாதம் விபசாரத் தடைச் சட்டம் நிறைவேறியது. ஆகஸ்டில் மிசோகுச்சி இறந்தார்.

தகப்பனார் தொழில் நொடித்தபோது அவருடைய அக்கா சுசு தத்துக் கொடுக்கப்பட்டு, பிறகு கெய்ஷாவானவர். அந்த அக்கா ஆதரவில் ஆளானவர்தான் இந்தத் தம்பி. அவர் கோபம் நிஜமானதுதான், சந்தேகமில்லை. ஆனால் 'சைகாகு இச்சிதாய் ஒன்னா' (1952) படத்தில் ஒஹாருவாக நடித்த கினுயோ தனாகா தானே படம் இயக்க முன்வந்தபோது, அதை எதிர்த்தவரும் இவரே. பெண்ணின் துயரத்தைச் சொல்லலாம், அவள் கையில் கேமராவைக் கொடுக்கக்கூடாது! இந்த மாதிரிப் பரிவை நாம் நன்றாக அறிவோம்.

தனாகா நிற்கவில்லை. 1953இல் முதல் படம் எடுத்தார். 1961இல் 'ஒன்னா பகாரி நோ யோரு'. திரைக்கதை சுமியே தனாகா, இவரும் பெண். மிசோகுச்சி பார்க்காமல் போனதைப் பார்த்த படம் அது. சட்டம் வந்தபிறகு அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள்? சீர்திருத்த இல்லத்திலிருந்து வெளியே வரும் குனிகோ கடையில், தொழிற்சாலையில், ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்கிறாள். போகிற இடமெல்லாம் பழைய கதை அவளுக்கு முன்னால் போய் நிற்கிறது. தொழிற்சாலையில் அவளை வதைக்கிறவர்கள் கூட வேலை பார்க்கும் பெண்கள்தான்.