எழுத்தறியாதவருக்கான கணிப்பொறி இடைமுகம்: பெங்களூர் முயற்சிகள்

கணிப்பொறி தன்னைப் பயன்படுத்துவோரைப் புரிந்துகொள்ள வேண்டும் என்னும் கருத்து, பெரும்பாலும் பொறியியல் சிக்கலாகவே கருதப்பட்டு வந்துள்ளது. அது மொழியியல் சிக்கலுமாகும் என்பதைப் பெங்களூரில் நிகழ்ந்த இரு முயற்சிகள் புலப்படுத்துகின்றன.

பெங்களூர்க் கண்டோன்மெண்டைச் சார்ந்த ரிச்சர்ட்ஸ் டவுன் போன்ற பகுதிகளில் தமிழ், கன்னடம், உருது, ஆங்கிலம் ஆகியன அருகருகே வழங்குகின்றன. இத்தகைய சூழலில் ஒருவர் பேசும் மொழி ஒன்றாகவும், படிக்கக் கற்ற எழுத்து வேறாகவும் அமைதல் கூடும். எவ்வெழுத்தும் அறியாதாரும் உளர். இவர்களுக்குத் திரைச்சொற்களை மொழிபெயர்த்தளிப்பது மட்டும் போதாது.

முதல் முயற்சி சிம்ப்யூட்டர் ஆகும். இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் இணைந்து வடிவமைத்த இக்கையடக்கக் கருவி 2001இல் அறிமுகமாயிற்று. 2004இல் விற்பனைக்கு வந்தது. இந்திய மொழி உரையைப் பேச்சாக மாற்றும் வசதியும், ஒரே கருவியைப் பலர் பகிர்ந்துகொள்ள உதவும் ஸ்மார்ட் அட்டையும் இதன் சிறப்புகள். எனினும் எதிர்பார்த்த அளவு இது பரவவில்லை. மேலும், இங்குப் பேச்சு என்பது எழுத்தின் ஒலிவடிவமே.

இரண்டாவது முயற்சி எழுத்தையே விலக்கியது. மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சார்ந்த இந்திராணி மேதி, அமன் சாகர், கென்டாரோ டொயாமா ஆகியோர் பெங்களூர்க் குடிசைப் பகுதிகளில் வாழும் வீட்டுப் பணியாளர்கள் வேலை தேடுவதற்கான இடைமுகம் ஒன்றை உருவாக்கி, 2006இல் அதுபற்றிய ஆய்வை வெளியிட்டனர். படங்களும் குரல் விளக்கமும் எண்களுமே அதில் இடம்பெற்றன.

இவ்வாய்வில் மொழியியலார் கருதத்தக்கது படங்களின் பொருண்மையாகும். பாத்திரங்களை மட்டும் வரைந்தால் அப்படம் பொருளையே சுட்டும். குழாயிலிருந்து நீர் வழிவதாகக் காட்டும்போதுதான் ‘கழுவுதல்’ என்னும் தொழில் புலனாகும். அதாவது, பெயரை வினையாக்கும் உருபு போன்ற ஒரு குறி படத்திற்கும் தேவைப்படுகிறது. அடுத்து, கருவியை இயக்கும் முறையைக் கூறுவதோடு, அதனால் யாருக்கு என்ன பயன் என்பதையும் விளக்கும் நிகழ்படம் தேவை என்பதும் அறியப்பட்டது. இது சூழற்பொருண்மை சார்ந்ததாகும்.

இன்று பேச்சை அறியும் பொறிகள் பெருகியுள்ளன. ஆயினும், திரையில் காண்பதையும் காதில் கேட்பதையும் பயனர் எப்பொருளில் கொள்கிறார் என்பதை அவரிடமே சென்று அறிதல் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் நெடுங்காலமாக ஆற்றிவரும் இப்பணிக்கு இடைமுக வடிவமைப்பிலும் இடமுண்டு.