ஸ்லோ கூடின எஞ்சினும் மண்ணெண்ணெய்க் காலமும்

பொருளாதாரத் தடைக் காலத்தைப் பற்றி எங்கட தலைமுறைக்குத் தெரிந்தது பெரும்பாலும் ஒரு பட்டியல்தான். ஜாம் போத்தல் விளக்கு, சைக்கிள் டைனமோவில் பாடின ரேடியோ, மண்ணெண்ணெயில் ஓடின கார். பெரியவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். நாங்களும் "கெட்டிக்காரச் சனம்" எண்டு பெருமைப்பட்டுவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவோம். அந்தக் கார் எப்படி ஓடினது, அது ஓட எது செலவானது எண்டு கேட்பது குறைவு. இந்தக் கட்டுரையில் அதைத்தான் கேட்கப் போகிறோம். உள்ளே நுழைய ஒரு சின்ன வாசலைத் தெரிந்தெடுத்திருக்கிறோம்: எஞ்சினின் ஸ்லோ.

ஸ்லோ எண்டு கராஜில் சொல்வது, அக்சிலேற்றரை மிதிக்காத நேரத்தில் எஞ்சின் தானாகச் சுற்றும் வேகத்தை. சூடேறின பெற்றோல் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு ஏறக்குறைய 600 முதல் 900 தடவை சுற்றினால் போதும். அது 1500 இல் நின்று இரைந்தால் எங்கேயோ பிழை. அந்தப் பிழையைத் தேட ஒரு ஒழுங்கு இருக்கிறது.

முதலில், எஞ்சின் சூடேறிவிட்டதா எண்டு பார்க்கவேணும். குளிர்ந்த எஞ்சின் கொஞ்சம் கூடச் சுற்றுவது இயல்பு. அடுத்தது சோக். மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களில் சோக்கை இழுத்தால் காற்று போகும் வழியும் கொஞ்சம் திறக்கும். சோக் முழுதாகத் திரும்பாவிட்டால் ஸ்லோ இறங்காது. பிறகு அக்சிலேற்றர் இணைப்பு எங்காவது இறுகியிருக்கா, இழுத்து மூடும் ஸ்பிறிங் தளர்ந்திருக்கா எண்டு பார்ப்பது. அதற்குப் பிறகு களவாகப் போகும் காற்று. காபரேற்றர் அடியில் இருக்கும் காஸ்கற் பழுதானாலோ, உள்ளே திறந்து மூடும் தகட்டின் தண்டு தேய்ந்தாலோ, காற்று வேறு வழியால் உள்ளே போகும். இக்னிஷன் நேரம் முந்திப்போனாலும் வேகம் கூடும்.

கடைசியில் ஒரு ஸ்குறூ. அந்தத் தகடு எவ்வளவுக்கு மூடலாம் எண்டு தீர்மானிக்கிறது அதுதான். அதை யாரோ உள்ளே முறுக்கிவிட்டிருந்தால், உடனே குறைக்காமல் ஒரு கேள்வி கேட்கவேணும்: ஏன் முறுக்கினவை? அனேகமாக, நின்று நின்று போகிற எஞ்சினை நிற்காமல் வைத்திருக்கத்தான். கூடின ஸ்லோவுக்குப் பின்னால் வேறொரு கஷ்டம் ஒளிந்திருக்கலாம்.

இனி 1990க்குப் போவோம். அந்த வருடம் யூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியது. குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. பெற்றோல், டீசல், பற்றரி எல்லாம் தடைப்பட்ட பொருட்கள். மண்ணெண்ணெய் மட்டும் கட்டுப்பாட்டோடு வந்தது. ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் எல்லாம் அந்த மண்ணெண்ணெயில்தான் ஓடின.

இந்தப் பழைய கார்கள் ஈடுகொடுத்ததுக்குக் காரணம் இருக்கிறது. பெற்றோலைவிட மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. அமுக்கம் கூடினால் நேரத்துக்கு முந்தி வெடித்து எஞ்சினைத் தட்டும். 1950களின் தொடக்கத்தில் வந்த ஏ40 சமசெற்றின் அமுக்க விகிதம் ஏழு சொச்சம்தான். இப்போதைய எஞ்சின்களில் அது பத்தை அண்டி நிற்கும். அமுக்கம் குறைந்த, கணினி எதுவும் இல்லாத, கையாலே செற் பண்ணக்கூடிய எஞ்சின் எண்டபடியால்தான் மண்ணெண்ணெயைத் தாங்கியது.

ஆனால் ஸ்டார்ட் பண்ணக் கொஞ்சமாவது பெற்றோல் வேணும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாமல் துளித்துளியாய் நிற்கும். அதனால் சின்னப் போத்தலில் பொன்போல வைத்திருந்த பெற்றோலில் கொஞ்சம் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஸ்லோ முக்கியமாவது இந்த இடத்தில்தான். ஸ்லோ குறைந்தால் எஞ்சின் ஆறும், ஆறினால் நிற்கும், நின்றால் திரும்பவும் பெற்றோல். ஆஸ்பத்திரிக்கு ஆளை ஏற்றிப்போகும் வழியில் கார் நிற்பது எவ்வளவு பெரிய விஷயம் எண்டு யோசித்துப் பாருங்கோ. சாதாரண காலத்தில் பிழையாக இருக்கும் கூடின ஸ்லோவுக்கு, அந்தக் காலத்தில் நியாயம் இருந்தது.

இந்த நுட்பம் 1990இல் திடீரெண்டு பிறந்த அதிசயம் இல்லை. உலகப்போருக்குப் பிறகு வந்த பேர்குசன் ரைக்ரர்களிலேயே, பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளுக்கு மாற்றுகிற வகை ஒன்று இருந்தது. எங்கட செம்மண் தோட்டங்களில், துலா மிதித்து இறைத்த கிணறுகளுக்கு வந்த வோட்டர் பம்புகளும் அதே முறையில்தான் இயங்கின. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் தண்ணி இறைத்த கமக்காரனுக்கு, தடை வருவதற்குப் பல வருடங்களுக்கு முதலே இது தெரிந்திருந்தது. காருக்குள் போன அறிவு தோட்டத்தில் இருந்தும் வந்தது எண்டுதான் நாங்கள் நினைக்கிறோம். "தடை வந்தது, மூளை வேலை செய்தது" எண்டு மட்டும் சொன்னால் அந்தக் கமக்காரன் கதைக்குள் வரமாட்டான்.

விலையையும் பேசவேணும். எரியாத மண்ணெண்ணெய் வழிந்து எஞ்சின் ஓயிலுடன் கலக்கும், ஓயில் நீர்த்துப்போகும், உள்பாகங்கள் தேயும். பிளக் கரி பிடிக்கும். புகையை றோட்டில் நிற்கிற ஆட்கள் சுவாசிப்பார்கள். அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. வீட்டு விளக்குக்கும் அதே மண்ணெண்ணெய்தான், தோட்டத்துப் பம்புக்கும் அதேதான். காருக்குள் போன ஒவ்வொரு லீற்றரும் ஒரு பிள்ளை படிக்கிற வெளிச்சத்தோடு போட்டிபோட்டது. ஸ்லோ கூட வைத்தால் எண்ணெய் இன்னும் கூடக் குடிக்கும். "சமாளிச்சோம்" என்கிற சொல்லுக்குள் இந்தக் கணக்கு மறைந்துவிடுகிறது. யாருக்குக் கார் இருந்தது, யாருக்கு விளக்குக்கே எண்ணெய் இல்லை என்கிற வித்தியாசமும் மறைந்துவிடுகிறது.

2022இல் நாடு முழுக்க எரிபொருள் வரிசையில் நின்றபோது, யாழ்ப்பாணத்தில் "இதெல்லாம் நாங்கள் எப்பவோ பார்த்தது" என்ற பேச்சு கேட்டது. அதே வருடம் ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய்க்கு ஏறினது. வெளியிணைப்பு எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டுகிற மீனவர்களின் தொழில்தான் முதலில் படுத்தது. பழைய கெட்டித்தனம் அவர்களுக்குக் கைகொடுக்கவில்லை. ஏனெண்டால் இந்தமுறை அவர்களுக்கு எட்டாமல் போனதே மண்ணெண்ணெய்தான்.

1981இல் எங்கட நூலகம் எரிந்த பிறகு, ஆவணம் எண்டால் தாள், புத்தகம், ஏடு எண்டுதான் மனம் போகிறது. அது நியாயமான துக்கம். ஆனால் தடைக்கால அறிவில் பெரும்பகுதி தாளில் ஏறவே இல்லை. அது மெக்கானிக்மாரின் கையிலும் காதிலும் இருக்கிறது. அந்தக் கார்களைத் திருத்தினவர்களுக்கு இப்போது வயது போய்விட்டது. அவர்களுக்குப் பின்வந்தவர்கள் ஸ்கானரைப் பொருத்திப் பிழையை வாசிக்கிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை, புது எஞ்சினுக்கு அதுதான் வேணும். ஆனால் பழைய காதை யாராவது எழுதி வைக்கவேணும்.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கட ஊரில் பழைய கராஜ் இருந்தால் போய்க் கதையுங்கோ, அனுமதி கேட்டு ஒலிப்பதிவு செய்யுங்கோ. "எப்படிச் சமாளிச்சியள்?" எண்டு மட்டும் கேட்காதேங்கோ. எந்தக் கார், என்ன மாற்றம் செய்தது, ஒரு பயணத்துக்கு எவ்வளவு எண்ணெய், அந்த எண்ணெய் எங்கேயிருந்து வந்தது, எந்த எஞ்சின் திருத்த ஏலாமல் போனது எண்டு கேளுங்கோ. முதல் கேள்விக்குப் பெருமைதான் பதிலாக வரும். மற்றக் கேள்விகளுக்குத்தான் வரலாறு வரும்.