கியர் ஆயில் பால் காபி மாதிரி வருதா? அவுட்போர்டு இன்ஜின் கசிவைக் கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும்!

கடலுக்கு நடுவுல இன்ஜின் நல்லா உறுமுது. கைப்பிடியை முறுக்க முறுக்க சத்தம் ஏறுது. ஆனா, படகு மட்டும் நகர மாட்டேங்குது! புரொப்பல்லருக்குள் இருக்கும் ரப்பர் புஷ் கழன்றதால் இப்படி ஆகியிருந்தால் தப்பித்தீர்கள்; அது சின்னச் செலவு. கியர் பல்லே போயிருந்தால், இன்னொரு படகு வந்து இழுத்துப்போகும் வரை காத்திருக்க வேண்டியதுதான். கியர் போவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே சத்தமில்லாமல் உள்ளே புகுந்த தண்ணீர்.

2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் ஃபைபர் படகுகள் பெருகின. அவற்றில் பலவற்றில் பின்பக்கம் தொங்குவது இந்த அவுட்போர்டு இன்ஜின்தான். 8 ஹெச்.பி-யோ, 40 ஹெச்.பி-யோ... அடிப்பகுதியின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். மேலிருந்து இறங்கும் டிரைவ் ஷாஃப்ட், தண்ணீருக்கடியில் இருக்கும் கியர் கேஸுக்குள் ஒரு சின்ன பினியன் கியரைச் சுற்றும். அது முன்னோக்கி, பின்னோக்கி கியர்கள் வழியாக புரொப்பல்லர் ஷாஃப்டைச் சுற்றும். இவை எல்லாமே கியர் ஆயிலில் மூழ்கியிருக்கும். ஆயில் வெளியே போகாமலும், உப்புத்தண்ணீர் உள்ளே வராமலும் தடுப்பவை சில ரப்பர் சீல்களும் ஓ-ரிங்குகளும் மட்டுமே.

ஆயில் அளவு குறையவே இல்லை, அப்புறம் எப்படிக் கசிவு இருக்கும் என்று கேட்பவர்கள் நிறைய. ஓடும்போது கியர் கேஸ் சூடாகி, உள்ளே அழுத்தம் ஏறும். நிறுத்தியதும் கடல்நீர் பட்டுக் குளிரும். அப்போது உள்ளே உறிஞ்சும் விசை உண்டாகி, தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். அதனால் அளவு அப்படியே இருக்கலாம், கூடக்கூடச் செய்யலாம். பார்க்க வேண்டியது அளவை அல்ல, நிறத்தை!

கசிவா, இல்லையா?

முதலில் ஸ்பார்க் பிளக் கேப்பைக் கழற்றிவிடுங்கள். புரொப்பல்லரைக் கையால் சுற்றும்போது இன்ஜின் உயிர்பிடித்தால் விரல் போய்விடும். இன்ஜினை நேராக நிறுத்தி, ஒருநாள் ஓய்வில் விட்ட பிறகு கீழ் டிரெயின் ஸ்க்ரூவைத் திறங்கள். தண்ணீர் எடை கூடியது என்பதால், உள்ளே தேங்கியிருந்தால் அதுதான் முதலில் வரும். பிறகு மேலே உள்ள வென்ட் ஸ்க்ரூவையும் திறந்தால் ஆயில் முழுதாக இறங்கும். பால் காபி நிறத்தில் நுரைத்து வந்தால், தண்ணீர் கலந்துவிட்டது. மாவு மாதிரி மெல்லிய இரும்புப் பொடி கொஞ்சம் இருப்பது சகஜம். ஆனால், விரலில் குத்துகிற சில்லுகள் வந்தால் சீல் மாற்றி மட்டும் பயனில்லை. பிரித்துப் பார்க்கும் மெக்கானிக்கிடம் போய்விடுங்கள்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். டூ ஸ்ட்ரோக் இன்ஜின்களில் புரொப்பல்லர் நடுவிலிருந்து கறுப்பாக ஏதோ சொட்டும். பெரும்பாலும் அது எரியாமல் புகையோடு வந்த 2டி ஆயில். மண்ணெண்ணெயில் ஓடும் இன்ஜின் என்றால் இது இன்னும் அதிகம். பார்த்ததும் சீலைக் கழற்றப் போகாதீர்கள். துடைத்துவிட்டு, கியர் ஆயில் நிறத்தோடு ஒப்பிடுங்கள்.

எந்த இடத்தில் ஓட்டை?

சந்தேகப் பட்டியலில் ஐந்து இடங்கள்: டிரெயின், வென்ட் ஸ்க்ரூ வாஷர்கள், புரொப்பல்லர் ஷாஃப்ட் சீல், பேரிங் கேரியர் ஓ-ரிங், தண்ணீர் பம்புக்குக் கீழே இருக்கும் டிரைவ் ஷாஃப்ட் சீல், அப்புறம் எல்லோரும் மறந்துவிடும் கியர் மாற்றும் கம்பியின் சீல்.

இவற்றில் வாஷர் மலிவு, முதலில் அதைத்தான் மாற்ற வேண்டும். ஒருமுறை நசுங்கிய வாஷரைத் திரும்பப் போடுவது நம்ம ஊர் பழக்கம். அதுவே பாதிக் கதைக்குக் காரணமாக இருக்கும்.

அடுத்து புரொப்பல்லரைக் கழற்றிப் பாருங்கள். ஷாஃப்டில் தங்கூஸ் நரம்போ, வலை நூலோ சுற்றியிருக்கிறதா? நைலான் நரம்பு, சுழற்சியின் சூட்டில் சீலுக்குள் வெட்டிக்கொண்டே போகும். அலையில் கரையேற்றும் படகுகளில் மணலும் சேர்ந்து சீலின் உதட்டை அரைக்கும். மாதம் ஒருமுறையாவது புரொப்பல்லரைக் கழற்றிப் பார்ப்பது இதற்காகத்தான்.

இடம் உறுதியாகத் தெரியணும்னா, பிரிப்பதற்கு முன்பே பிரஷர் டெஸ்ட். ஆயிலை வடித்து, ஒரு ஸ்க்ரூவை மூடி, இன்னொரு துளையில் மீட்டர் வைத்த கைப்பம்பைப் பொருத்துங்கள். முதலில் 3-5 பி.எஸ்.ஐ, பிறகு 10 வரை. அதற்கு மேல் உங்கள் மாடலின் மேனுவல் சொன்னால் மட்டும். டயர் காற்றடிக்கும் கம்ப்ரஸரை மாட்டினால், நல்ல சீலும் பிய்த்துக்கொள்ளும். ஷாஃப்ட்களை மெதுவாகச் சுற்றிக்கொண்டே சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வரும் இடம்தான் குற்றவாளி. முள் இறங்குகிறது, வெளியில் குமிழியே இல்லை என்றால், பம்புக்குக் கீழே மறைந்திருக்கும் டிரைவ் ஷாஃப்ட் சீல் அல்லது கியர் கம்பி சீலைச் சந்தேகிக்கலாம்.

மாற்றுவது எப்படி?

புரொப்பல்லர் ஷாஃப்ட் சீல், பொறுமை இருந்தால் நீங்களே செய்யக்கூடியது. கேரியரின் போல்ட்களை எடுத்த பிறகு அது லேசில் வராது, உப்பு இறுகியிருக்கும். சுத்தியலால் அடித்தால் அலுமினியம் உடையும். துரு இளக்கி ஊற்றி ஒரு இரவு விட்டு, புல்லர் போட்டு இழுங்கள். உள்ளே மெல்லிய ஷிம் தகடுகள் இருந்தால் அவை இருந்த இடம் மாறக்கூடாது. கியர் பற்களுக்கு இடையே உள்ள இடைவெளியை முடிவு செய்பவை அவைதான்.

பழைய சீலைப் பிடுங்கும் முன் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். பல மாடல்களில் இரண்டு சீல்கள் அடுத்தடுத்து இருக்கும். எதன் உதடு எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். திருப்பிப் போட்ட புது சீல், பழைய சீலைவிட மோசம்! நகத்தால் ஷாஃப்டைத் தடவிப் பாருங்கள். சீல் உட்காரும் இடத்தில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால், புது சீலும் கசியும். அதற்கு ரிப்பேர் ஸ்லீவோ புது ஷாஃப்டோதான் வழி. புது சீலின் உதடுகளுக்கு இடையே மரைன் கிரீஸ் வைத்து, சீலின் அளவுக்குப் பொருந்தும் குழாயால் நேராக அழுத்தி உட்கார வையுங்கள். ஓ-ரிங் எப்போதும் புதுசு.

டிரைவ் ஷாஃப்ட் சீலுக்கு கியர் கேஸையே கீழிறக்கி, தண்ணீர் பம்பைக் கழற்ற வேண்டும். எப்படியும் அவ்வளவு தூரம் போகிறீர்கள், ரப்பர் இம்பெல்லரையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். திரும்பப் பொருத்தும்போது கியர் கம்பி, கழற்றிய அதே நிலையில் சேர வேண்டும். முதல்முறை என்றால், பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் இருப்பது நல்லது.

வெளியிலிருந்து எம்-சீல், சிலிகான் பூசுவது, ஆயிலுக்குப் பதில் கிரீஸ் அடைப்பது... இரண்டுமே வேண்டாம். சுழலும் ஷாஃப்டில் பூச்சு நிற்காது. கிரீஸோ கியர் பற்களிலிருந்து விலகி ஒதுங்கிவிடும். பேரிங் காய்ந்து ஓடும்.

ஆயில் நிரப்புவது கீழ்த் துளை வழியாகத்தான். மேலிருந்து ஊற்றினால் காற்று மாட்டிக்கொள்ளும். மேல் துளையில் குமிழி இல்லாமல் ஆயில் வந்ததும், முதலில் மேல் ஸ்க்ரூவை மூடி, பிறகு பம்பை எடுத்துக் கீழ் ஸ்க்ரூவைச் சட்டென்று போடுங்கள்.

உடனே ரிப்பேர் செய்ய முடியாத நிலையா? தண்ணீர் கலந்த ஆயிலை அன்றைக்கே வடித்துப் புது ஆயில் நிரப்புங்கள். இது பேரிங் துருப்பிடிப்பதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடும், அவ்வளவுதான், தொலைவுக்குப் போகாதீர்கள்.

சீல் மாற்றிய பிறகு இரண்டு, மூன்று முறை கடலுக்குப் போய்வந்து, ஓர் இரவு விட்டு, கீழ் ஸ்க்ரூவை லேசாகத் தளர்த்திச் சில சொட்டு மட்டும் எடுத்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் வேலை முடிந்தது. வடித்த பழைய ஆயிலை மட்டும் கரையிலேயே கொட்டிவிடாமல், கேனில் பிடித்துப் பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.