ஐம்பது பேருக்கு பீன்ஸ்

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் தேவாலயப் பெண்கள் தொகுத்து வெளியிட்ட சமையல் புத்தகங்களைப் புரட்டினால் ஒரு பதார்த்தம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். மாட்டுக் கொத்துக்கறி, பன்றி இறைச்சிச் சீவல், வெங்காயம், இரண்டு மூன்று வகை டப்பா பீன்ஸ், தக்காளி கெச்சப், பழுப்புச் சர்க்கரை, கடுகு விழுது, கொஞ்சம் வினிகர். எல்லாவற்றையும் கலந்து ஓவனில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். சில ஊர்களில் இதற்கு ‘காலிகோ பீன்ஸ்’ என்று பெயர். பல நிறப் பயறுகள் கலந்து கிடப்பது சீட்டித் துணிபோல இருக்கிறதாம். காலிகோ என்ற அந்தத் துணியின் பெயர் நம் கோழிக்கோட்டிலிருந்து போனது. பீன்ஸ் என்றால் நாம் பொரியல் செய்யும் பச்சைக் காயை நினைக்க வேண்டாம். அதே இனச் செடியில் முற்றி உலர்ந்த விதை இது. நம் கடைகளில் ராஜ்மா என்று விற்பதன் வெள்ளைத் தங்கை.

சாவு வீட்டுச் சாப்பாடு, தேவாலய நிதி திரட்டல், ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவரும் கூட்டு விருந்து என்று கூட்டம் சேரும் இடங்களுக்கான உணவு இது. யார் சமைப்பது என்று அங்கே எவரும் கேட்டதில்லை. அதனால்தான் இந்தப் பானையின் வரலாற்றை எழுதத் தோன்றியது.

பீன்ஸை மண்குழியில் புதைத்துக் கனலில் வேகவைக்கும் முறையை ஆங்கிலேயக் குடியேறிகள் பூர்வகுடிகளிடம் கற்றார்கள் என்பது வழக்கமான கதை. பன்றி இறைச்சியோடு பயறு வேகவைக்கும் பழக்கம் இங்கிலாந்து உழவர்களிடமும் இருந்ததால் கதையை முழுதாக ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் அந்த விதை பூர்வகுடிகளுடையது என்பதில் சந்தேகமில்லை. சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒரே மேட்டில் சேர்த்து நட்டு ‘மூன்று சகோதரிகள்’ என்று அழைத்த ஹோடெனோசோனி மக்களிடம் வயலும் விளைச்சலும் பெண்கள் கையில் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மட்டில்டா ஜோஸ்லின் கேஜ் போன்ற வாக்குரிமைப் போராளிகள் அந்தப் பெண்களைச் சுட்டிக்காட்டியே, ஆண் ஆதிக்கம் இயற்கையின் நியதி அல்ல என்று வாதிட்டார்கள்.

நியூ இங்கிலாந்தின் பியூரிட்டன் வீட்டில் அதே விதை வேறொரு ஒழுங்குக்குள் வந்தது. சனிக்கிழமை சூரியன் மறைந்ததும் ஓய்வுநாள் தொடங்கும். ஞாயிறு மாலைவரை வேலை கூடாது. சமையலும் வேலைதான். ஆகவே வாய் குறுகி வயிறு பெருத்த மண்பானையில், இரவே ஊறவைத்த பீன்ஸும் உப்பிட்ட பன்றிக் கொழுப்பும் சனிக்கிழமை காலையிலேயே செங்கல் அடுப்புக்குள் போய்விடும். அடுப்புக்குள்ளேயே விறகெரித்து, கனலை வாரியெடுத்து, கையை உள்ளே நீட்டி எத்தனை நொடி பொறுக்கிறது என்று பார்த்துச் சூட்டைக் கணக்கிட வேண்டும். அன்றிரவு சூடாகச் சாப்பாடு, மறுநாள் மிச்சம். பாஸ்டன் நகரத்தில் ரொட்டிக் கடைக்காரர்களே வீடுவீடாகப் பானைகளை வாங்கிப்போய்த் தங்கள் அடுப்பில் வைத்து, மாலையில் திருப்பிக் கொடுத்தார்கள். ஓய்வுநாளைக் கடவுள் எல்லோருக்கும் கொடுத்தார் என்றார்கள். அந்த ஓய்வுக்கான சமையலைப் பெண் முந்தைய நாளே செய்து முடித்திருந்தாள்.

பாஸ்டன் பீன்ஸ் என்றதும் இன்று நினைவுக்கு வருவது மொலாசஸின் கருமையும் இனிப்பும். சர்க்கரை காய்ச்சும்போது மிஞ்சும் இந்தக் கரும்புப்பாகு, கரீபியன் தீவுகளிலிருந்து பீப்பாய் பீப்பாயாகப் பாஸ்டனுக்கு வந்தது. பெரும்பகுதி ரம் சாராயமாயிற்று. ஒரு பகுதி சமையலறைக்குப் போனது. அடிமைமுறையின் பிற்காலத்தில் ஜமைக்காவின் பல தோட்டங்களில் கரும்பு வெட்டிய வயல்கூட்டத்தில் பெண்களே அதிகம். அடிமைமுறை ஒழிந்தபின் அதே கரும்புக்காகக் காரைக்காலில் கப்பலேறி குவாதலூப் போன ஒப்பந்தக் கூலிகளில் தமிழ்ப் பெண்களும் இருந்தார்கள். இதை நான் இடைச்செருகலாகத்தான் சொல்கிறேன். அது தனிக் கட்டுரைக்குரியது.

இங்கே ஒரு பெண்ணைச் சந்திக்க வேண்டும். லிடியா மரியா சைல்ட் 1829-இல் ‘சிக்கனமான இல்லத்தரசி’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு வீட்டுக் குறிப்புப் புத்தகம் எழுதினார். கணவர் கடனாளி. சைல்ட் எழுதியது பணக்கார வீட்டுச் சமையலறைக்கல்ல, ஒரு சில்லறைக் காசையும் எண்ணிச் செலவழிக்கும் பெண்களுக்காக. புத்தகம் முப்பதுக்கும் மேற்பட்ட பதிப்புகள் கண்டது. ஆனால் அன்றைய சட்டப்படி மணமான பெண்ணின் சம்பாத்தியம் கணவருக்குச் சொந்தம். அதில் பேக்டு பீன்ஸ் குறிப்பு உண்டு: ஒரு குவார்ட் பீன்ஸுக்கு ஒரு பவுண்டு பன்றி இறைச்சி, சிறிது மிளகு, மூன்று நான்கு மணி நேரம். மொலாசஸ் இல்லை. அடிமை உழைப்பை எதிர்த்து அவர் இனிப்பை விலக்கினார் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அவர் அடிமை ஒழிப்பு நூலை எழுதியது 1833-இல், நான்கு ஆண்டுகள் கழித்து. அந்த நூலுக்கு அவர் கொடுத்த விலை பெரிது. அவர் நடத்திய சிறுவர் இதழின் சந்தாதாரர்கள் விலகினார்கள். 1834-இல் ஆசிரியர் பொறுப்பை விட வேண்டியதாயிற்று. பிறகு அவரும் கணவரும் நார்த்தாம்ப்டனுக்குப் போய், அடிமை உழைப்பில்லாத சர்க்கரை செய்வோம் என்று பீட்ரூட் பயிரிட்டு நட்டப்பட்டார்கள். சிக்கனம் கற்றுத்தந்தவள் என்று கொண்டாடிய வாசகர்கள், அவள் அரசியல் பேசியதும் முகம் திருப்பிக்கொண்டது நமக்கும் பழகிய கதைதான்.

சமையல் குறிப்பையே அரசியலுக்கான பணமாக மாற்றியவர்களும் உண்டு. 1886-இல் பாஸ்டனில் ஹாட்டி பர் தொகுத்த ‘பெண் வாக்குரிமைச் சமையல் புத்தகம்’ இயக்கத்துக்கு நிதி சேர்க்கும் சந்தையில் விற்பனைக்கு வந்தது. லூசி ஸ்டோன் உள்ளிட்டோர் குறிப்பு கொடுத்தார்கள். வாக்குரிமை கிடைத்தால் பெண்கள் அடுப்பை மறந்துவிடுவார்கள் என்று கேலி செய்தவர்களுக்கு அதுவே பதிலாகவும் இருந்தது. இந்தப் பதிலில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. அடுப்பை மறக்க மாட்டோம் என்று உறுதிமொழி கொடுத்துத்தான் உரிமை கேட்க வேண்டியிருந்ததா?

உள்நாட்டுப் போர்க் காலத்தில் காயமுற்ற வீரர்களுக்காகத் தொடங்கிய இந்தக் கூட்டுச் சமையல் புத்தக வழக்கம் இருபதாம் நூற்றாண்டில் ஊர்தோறும் பரவியது. தேவாலயக் கூரை, பள்ளிப் பியானோ, அனாதை இல்லம் என எத்தனையோ தேவைகளுக்கு இப்படிப் பணம் திரண்டது. குறிப்புகளின் அடியில் பெயர்கள் இருக்கும். ஆனால் எப்படி? திருமதி என்று போட்டு அதன்பின் கணவரின் பெயரும் குடும்பப் பெயரும். தன் கையால் அளந்து தேர்ந்த குறிப்பின் கீழேகூட அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. மணமாகாதவர்களுக்கு மட்டும் அந்த அதிர்ஷ்டம்.

டப்பா பீன்ஸும் மலிவான கொத்துக்கறியும் எல்லாக் கடைகளுக்கும் வந்தபின்தான் மாட்டிறைச்சி சேர்த்த பீன்ஸ் கூட்டத்துக்கான உணவாயிற்று. இரவு ஊறவைக்கும் வேலை போனது. மற்ற வேலைகள் போகவில்லை. பத்துப் பேருக்கு ஒரு பவுண்டு கொத்துக்கறி என்றால் ஐம்பது பேருக்கு ஐந்து பவுண்டு. கணக்கு அதோடு முடிவதில்லை. ஐந்து பவுண்டையும் ஒரே வாணலியில் போட்டால் கறி நீர் விட்டு வெந்து வெளிறும், சிவக்காது. நான்கைந்து தடவையாகப் பிரித்து வதக்கி, ஒவ்வொரு தடவையும் கொழுப்பை வடிக்க வேண்டும். ஆழமான தட்டில் சூடு நடுவுக்குப் போக இரு மடங்கு நேரம் பிடிக்கும். அதற்குள் ஓரம் கருகும், இடையில் கிளற வேண்டும். உலர்ந்த விதையில் தொடங்கினால், அது மெத்தென்று வேகும் முன் கெச்சப்பும் வினிகரும் சேர்த்தால் புளிப்பு பட்டு விதை விறைத்தே நிற்கும். பரிமாறும்வரை 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கவிடக் கூடாது. இறைச்சி கெட்டுக் கூட்டமே படுத்துவிடும். இத்தனையும் தெரிந்தவளை ‘நிபுணர்’ என்று எவரும் சொன்னதில்லை. கைராசிக்காரி என்பார்கள்.

இந்தப் பதார்த்தம் இன்று பெரும்பாலும் மெதுச்சமையல் மின்பானையில்தான் கூட்டங்களுக்கு வருகிறது. அந்தப் பானையின் பிறப்பும் ஓர் ஓய்வுநாள் பீன்ஸிலிருந்துதான். லிதுவேனியாவின் வில்னா நகரத்து யூதச் சிறுமி தமாரா, வெள்ளிக்கிழமை மாலை தாய் சேர்த்துக் கொடுத்த சோலண்ட் பானையை ரொட்டிக் கடை அடுப்புக்குத் தூக்கிப் போவாள். பீன்ஸும் இறைச்சியும் கலந்த அது இரவெல்லாம் மிஞ்சிய சூட்டில் வேகும். மறுநாள் ஓய்வுநாளுக்கு உணவாகும். பாஸ்டன் பானையின் அதே ஏற்பாடு, வேறு மதம். பின்னாளில் அமெரிக்காவில் தமாரா சொன்ன இந்த நினைவிலிருந்து அவருடைய மகன் இர்விங் நாக்ஸன் ஒரு மின்பானை செய்து, 1940-இல் காப்புரிமை பெற்றார். அதன் பெயரே ‘நாக்ஸன் பீனரி’. 1970-இல் ரைவல் நிறுவனம் அதை வாங்கி, மறு ஆண்டு ‘கிராக்பாட்’ என்று சந்தைக்குக் கொண்டுவந்தது. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு விடுதலை என்பதே விளம்பரத்தின் சாரம்: காலையில் போட்டுவிட்டுப் போங்கள், மாலையில் தயாராக இருக்கும். வீட்டுக்கு வந்தபின் பெண்கள் செய்யும் இன்னொரு பணிநேரத்தை ஆர்லி ஹாக்‌ஷீல்ட் 1989-இல் ‘இரண்டாவது ஷிப்ட்’ என்று பெயரிட்டு எழுதினார்.

அந்தப் பானைக்கு ஒரு குறை உண்டு. மெல்லிய சூட்டில் கொத்துக்கறி சிவக்காது. அதனால் காலை ஆறு மணிக்கு, வேலைக்குக் கிளம்பும் உடையோடு, யாரோ ஒருத்தி அடுப்பைப் பற்றவைத்து வாணலியில் கறியைத் தனியே வதக்கிக்கொண்டிருப்பாள்.