பட்டனை அழுத்த எதற்கு பிசிக்ஸ்?



ரோலாவில் எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் குடியிருக்கும் நண்பரின் மகள், ரேடியோகிராபி படிப்பில் சேர்ந்தாள். பிளஸ் டூவில் பிசிக்ஸில் நல்ல மார்க் வாங்கியவள்தான். ஆனால் ஒரே மாதத்தில் என்னிடம் வந்து, "அங்கிள், அதெல்லாம் மனப்பாடம் பண்ணி எழுதினது. இங்கே ஏன், எதற்குன்னு கேட்கிறாங்க. பி.பி.ஏ.வுக்கு மாறிடட்டுமா?" என்றாள். அவள் அப்பாவோ, "பட்டனை அழுத்த எதுக்கு சார் பிசிக்ஸ்?" என்றார்.

நான் பி.காம். படித்த அக்கவுண்டன்ட். எனக்கும் பதில் தெரியவில்லை. தேடிப் படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டது 1895 நவம்பரில். சில மாதங்களிலேயே அது மருத்துவமனைகளுக்குள் வந்துவிட்டது. கருவியை இயக்கியவர்களில் புகைப்படக்காரர்களும் மின்சார வேலை தெரிந்தவர்களும் இருந்தார்கள். கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத் தங்கள் கையையே கதிரில் நீட்டினார்கள். எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி அப்படித்தான் இரு கைகளையும் இழந்து 1904ல் இறந்தார். எடிசன் அந்த ஆராய்ச்சியையே கைவிட்டார். இப்படி உயிர்விட்டவர்களுக்காக ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1936ல் நினைவுத்தூண் எழுப்பினார்கள்.

முதல் உலகப்போரில் எக்ஸ்ரே வண்டிகளைப் போர்முனைக்கு அனுப்பிய மேரி கியூரிக்கு, அவற்றை இயக்க ஆட்கள் போதவில்லை. 1916ல் பாரிஸில் பெண்களுக்குப் பயிற்சி தொடங்கினார். சுமார் 150 பேர் தேறினார்கள். பெரிய படிப்பு இல்லாதவர்களும் அவர்களில் உண்டு. அதற்காக கியூரி பிசிக்ஸை நீக்கிவிடவில்லை. மின்சாரத்தின் அடிப்படையிலிருந்து ஆரம்பித்து, கருவியைத் தொட்டு இயக்கவைத்து, உடற்கூறும் சொல்லிக்கொடுத்தார்கள். பாடம் நடத்தியவர்களில் ஒருவர் மகள் ஐரீன். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

நம் சென்னைக்கு வருவோம். அரசுப் பொது மருத்துவமனையில் பர்னார்ட் கதிரியக்கவியல் நிலையம் 1934ல் திறக்கப்பட்டது. அதே ஆண்டில்தான், கதிரோடு வேலை செய்பவர் நாளொன்றுக்கு 0.2 ராண்ட்ஜனுக்கு மேல் ஏற்கக்கூடாது என்று சர்வதேசக் குழு ஒன்று அளவு வகுத்தது. அந்த ஜூலையில் மேரி கியூரி ரத்த நோயால் காலமானார். பல்லாண்டு பட்ட கதிர்வீச்சே காரணம் என்று கருதப்படுகிறது. எவ்வளவு பட்டால் ஆபத்து என்ற கணக்கை உலகம் இப்படி உயிர் கொடுத்துத்தான் எழுதியிருக்கிறது.

அந்தக் கணக்கைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்தது. அவளைக் கூப்பிட்டு ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். ஒரு மீட்டர் தூரத்தில் கதிர் 100 என்றால், இரண்டு மீட்டரில் 25. மூன்றில் 11தான். இரண்டடி தள்ளி நிற்பதற்கு அவ்வளவு மதிப்பு! பிறகு ஈயத் தகடு. குறிப்பிட்ட கனம் கதிரைப் பாதியாக்கும். இன்னும் அதே கனம் வைத்தால், தோராயமாக மீதியில் பாதி. நாங்கள் காமர்ஸில் படித்த குறைந்து செல் மதிப்பு முறைத் தேய்மானமேதான்! எத்தனை ஆண்டு கழித்தாலும் ஏட்டில் கொஞ்சம் மிச்சம் நிற்கும். கதிரும் அப்படியே.

"இதைத்தான் அங்கிள் ஃபார்முலாவா எழுதிட்டு வந்தேன்" என்றாள் அவள்.

பெற்றோர்களே, பட்டனை யாரும் அழுத்தலாம். எப்போது அழுத்தக்கூடாது, எவ்வளவு போதும், யார் எங்கே நிற்க வேண்டும் என்பதற்குத்தான் பிசிக்ஸ். அடிப்படை தெரியாமல் வருவது குற்றமில்லை. 1916லும் அப்படித்தான் வந்தார்கள். தெரியாமலே வேலைக்குப் போய்விடக்கூடாது, அவ்வளவுதான்.

அவள் பி.பி.ஏ.வுக்கு மாறவில்லை. போன வெள்ளிக்கிழமை அவள் கேட்ட கேள்விக்கு எனக்குத்தான் பதில் தெரியவில்லை.