கிழக்கின் நடைபெறாத வாக்கெடுப்பும் அதன் கண்காணிப்பும்

அரசொன்று மக்களின் விருப்பினை அறிய முற்படும்போது, அம்முயற்சியை மேற்பார்வை செய்வோர் யாவர் என்பது வெறும் நிருவாக வினாவன்று. அதிகாரம் பற்றிய வினாவாகும். 1982 டிசம்பர் 22இல், அவசரகால நிலைமையின் கீழ், பாராளுமன்றத்தின் ஆயுளை நீடிப்பதற்கென நடந்த சர்வசன வாக்கெடுப்பு இதனை நன்கு உணர்த்திற்று. விளக்குச் சின்னம் 54.66 சதவீத வாக்குகளைப் பெற்றது. மட்டக்களப்பு மாவட்டத்திலோ குடமே பெரும்பான்மை பெற்றது. வினாவைத் தொடுத்த ஆளும் வர்க்கமே விடையினால் பயனடைந்தது.

இப்பின்னணியிலேயே 1987 யூலை 29இல் ஜே. ஆர். ஜயவர்த்தனவும் ராஜீவ் காந்தியும் கைச்சாத்திட்ட உடன்படிக்கையை நாம் நோக்குதல் வேண்டும். வடக்குடன் இணைந்திருப்பதா, தனி மாகாணமாவதா என்பதைக் கிழக்கு மக்கள் 1988 டிசம்பர் 31க்கு முன் தீர்மானிப்பர். சாதாரண பெரும்பான்மையே போதுமானது. இடம்பெயர்ந்தோருக்கும் வாக்குரிமை உண்டு என அது வகுத்தது. பிரதம நீதியரசர் தலைமையில் மூவர் குழு கண்காணிக்கும். ஏனைய இருவருள் ஒருவரை அரசாங்கமும், மற்றவரைக் கிழக்கின் தமிழ் பேசும் மக்களின் பிரதிநிதிகளும் பெயர் குறிக்க, இருவரையும் சனாதிபதி நியமிப்பார். இந்தியத் தேர்தல் ஆணையத்தின் பிரதிநிதியொருவரும் நோக்கராக அழைக்கப்படுவார். 1982உடன் ஒப்பிடுகையில் இது முன்னேற்றமே எனலாம்.

எனினும் இவ்வேற்பாட்டின் முரண்பாடு அதனுள்ளேயே பொதிந்திருந்தது. வாக்கெடுப்பை ஒத்திவைக்கும் தற்றுணிபு சனாதிபதிக்கு வழங்கப்பட்டிருந்தது. குழுவின் கண்காணிப்போ வாக்கெடுப்பு நடைபெறின் மாத்திரமே தொடங்கும். எனவே ஒத்திவைப்பினைக் கண்காணிப்பதற்கு எவரும் இருக்கவில்லை. 1988 செப்ரெம்பரில் பிரகடனத்தின் மூலம் மாகாணங்கள் தற்காலிகமாக இணைக்கப்பட்டன. வாக்கெடுப்போ மீண்டும் மீண்டும் பின்தள்ளப்பட்டது.

ஓட்டமாவடியிலிருந்து நோக்கினால் மற்றொரு குறைபாடும் புலனாகும். கல்குடாத் தொகுதியில், வாழைச்சேனைத் தமிழரின் அயலில் வாழும் இவ்வூர் முஸ்லிம்களின் தாய்மொழி தமிழ். ஆயினும் ‘தமிழ் பேசும் மக்கள்’ என்ற தொடரில் அவர்களும் அடங்குவரா, அடங்கின் அந்த ஓர் ஆசனத்திற்குப் பெயர் குறிப்பதில் அவர்களுக்குரிய பங்கு யாது என்பவற்றை உடன்படிக்கை விளக்கவில்லை. வயலையும் வாவியையும் நம்பி வாழும் இரு சமூகத்து உழைப்பாளரும் வினாவை வகுத்தோருள் இருக்கவில்லை. மொழியால் ஒன்றிய மக்களை அவ்வொற்றைத் தொடர் எண்ணிக்கையில் இணைத்ததேயன்றி, அவர்களின் வேறுபட்ட அச்சங்களைக் கேட்க வழி வகுக்கவில்லை.

இறுதியில் வழக்கு நீதிமன்றத்தில் முடிந்தது. ஆயுத ஒப்படைப்பு, மோதல் நிறுத்தம் ஆகிய சட்ட நிபந்தனைகள் நிறைவேறாத நிலையில் அவசரகால விதியின் துணைகொண்டு செய்யப்பட்ட இணைப்புச் செல்லாதென 2006 ஒக்டோபர் 16இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கண்காணிப்புக் குழுவுக்குத் தலைமை தாங்குவதெனக் குறிக்கப்பட்ட பிரதம நீதியரசர் பதவியை அப்போது வகித்தவரே அவ்வாயத்திற்குத் தலைமை தாங்கினார். 2007 சனவரி 1இல் மாகாணங்கள் பிரிந்தன. இணைத்தபோதும் பிரித்தபோதும் கிழக்கு மக்கள் வினவப்படவில்லை.

வாக்குப் பெட்டியைக் காப்பது மட்டும் சுயாதீனக் கண்காணிப்பு ஆகாது. வினாவை வகுப்பது, நாளைக் குறிப்பது, ஒத்திவைப்பது ஆகியவையும் அதன் வரம்பினுள் வரும்போதே அது மக்களுக்குப் பயன்படும் என்பது நமது முடிபாகும்.